வாட்ச்மேன் வாய் திறக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம்

மாட்டுங்காவில் நான் வாட்ச்மேனாக இருந்த கட்டடத்தில், பொதுக்குழுவைக் கூட்டி என் முகத்தைப் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்கள். நான் திருடவில்லை, காவல் நேரத்தில் தூங்கவும் இல்லை. ஒரு துப்பறியும் நாவலைப் படித்திருந்தேன், அவ்வளவுதான்.

அந்த நாவல் எனக்குக் கிடைத்தது தாராவியில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவன் நான். தோல் கிடங்கில் உப்புத் தட்டியிருக்கிறேன். அம்பர்நாத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் டிரம் உருட்டினேன். உள்ளங்கை உரிந்ததும் விட்டுவிட்டேன். பாண்டுப்பில் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவினேன். அந்தக் கேன்டீனை ஒருநாள் இடித்துவிட்டார்கள். ஓரிடத்தில் கொஞ்சம் நாள் இருந்தாலே எனக்குக் கால் பரபரக்கும். எங்கே போனாலும் சுற்றிவிட்டு தாராவிக்குத்தான் வந்து சேர்வேன். அப்படி வந்த ஒரு தடவை ரத்திக் கிடங்கில் வேலை கிடைத்தது. ரத்தி என்றால் பம்பாயில் பழைய பேப்பர். மாட்டுங்கா, செம்பூர் வீடுகளிலிருந்து வரும் மூட்டைகளைப் பிரித்து வெள்ளைத்தாள், செய்தித்தாள், அட்டை என்று தனித்தனியாக வீச வேண்டும். தமிழ் பாக்கெட் நாவல் எந்தக் குவியலிலும் சேராது. தாள் பழுப்பு, அட்டை வழவழப்பு. கிடங்கு முதலாளி வடக்கத்திக்காரர். “உன் பாஷைதானே, நீயே எடுத்துட்டுப் போ” என்று இந்தியில் சொல்லிவிட்டார். யாரோ ஒரு தாத்தா செத்து, அவர் அலமாரியை அப்படியே கொட்டிக் கட்டிய மூட்டை என்று நினைக்கிறேன். எல்லாம் ஒரே எழுத்தாளர், ஒரே துப்பறிவாளர்.

அந்தத் துப்பறிவாளரைப் போல ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவரிடம் துப்பாக்கி கிடையாது, வண்டி கிடையாது. சாவு வீட்டுக்கு விசாரிக்கப் போவார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார். திரும்பி வந்தால் செருப்பு இருக்காது. ஒவ்வொரு நாவலிலும் இது நடக்கும். மிச்சக் கதை முழுக்க வெறுங்காலோடு வெயிலில் அலைந்து, பஸ் கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டு, கொலைகாரனைப் பிடிப்பார். யாருடைய கொலையையும் கண்டுபிடிக்கிற மனிதருக்குத் தன் செருப்பை எடுத்தவன் யார் என்று மட்டும் கடைசிவரை தெரியாது. நான் மாநகராட்சிப் பொதுக் கக்கூஸ் வரிசையில் நின்று படித்திருக்கிறேன். என் முறை வந்தும் உள்ளே போகாமல் பின்னால் நின்றவரை அனுப்பியிருக்கிறேன். முதல் முறை படிக்கும்போது யார் கொன்றது என்று பார்ப்பேன். இரண்டாம் முறை, அதை எங்கே ஒளித்து வைத்தார்கள் என்று பார்ப்பேன். இரண்டாம் முறைதான் ருசி அதிகம்.

தோல் கிடங்கில் எனக்கு முதலாளியாக இருந்த பாய், எங்கள் பக்கத்து ஊர்க்காரர். அவர் மாட்டுங்காவில் குடியிருந்த கட்டடத்துக்கு வாட்ச்மேன் தேவைப்பட்டபோது என்னைக் கூப்பிட்டார். “ஏலே, மூணு வேளை மோட்டார் போடணும், வண்டிக்குக் கேட்டைத் திறக்கணும், மீட்டர் ரூம்ல படுத்துக்கலாம். ஓடிர மாட்டியே?” என்றார். ஓடமாட்டேன் என்றேன். கூரையுள்ள அறையில் தனியாகப் படுப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. புத்தக மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டேன்.

கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்தைச் சொசைட்டி என்பார்கள்; பாய் அதன் பொருளாளர். செயலாளர் தரைத்தளத்தில் இருந்த ஒரு பாலக்காட்டு சார். ஏதோ பெரிய ஆபீசில் ஆடிட் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். மாடிப்படியில் ஒரு பல்பு மாற்றவும் அவர் தீர்மானம் போடுவார். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், எதிர்ப்பு யாரும் இல்லை, பல்பு மாற்றப்பட்டது. கட்டடத்தில் எல்லாருக்கும் இது பழகிப் போயிருந்தது. தீர்மானம் இல்லாமல் மழை பெய்தால்கூட அவர்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த மழைக்காலத்தில்தான் என் துப்பறிவாளர் டிவிக்கு வந்தார். சனிக்கிழமைதோறும் ஒரு பகுதி. மொத்தத் தொடருக்கும் ஒரே நாவல். என்னிடம் இருந்த மூட்டையில் மிகவும் நைந்து போயிருந்த நாவல் அது. ஒரு சின்ன ஊர், ஓர் அரிசி மில் முதலாளி. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்கிறார். நல்லபடியாக முடிகிறது. எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார். சாயங்காலம், உள்ளே தாழ்ப்பாள் போட்ட அறையில் செத்துக் கிடக்கிறார். தம்பி, கணக்குப்பிள்ளை, மருமகள், டிரைவர் என்று சந்தேகத்துக்கு ஆட்கள்.

செயலாளர் சார் வீட்டு ஜன்னல் வழியாக நானும் நின்று பார்த்தேன். மாமி, அதாவது சாரின் மனைவி, எனக்காகத் திரையைக் கொஞ்சம் விலக்கி வைப்பார். டிவியில் துப்பறிவாளர் ஆறடி உயரம். பளபளவென்று பூட்ஸ். மோட்டார் பைக்கில் வருகிறார். மழையில் நனைந்துகொண்டு தனியாகக் குடிக்கிறார். அவருக்கு ஏதோ பழைய சோகமாம். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் ‘மில் ஓடிக்கொண்டிருந்தது’ என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். டிவியில் அந்த மில் சத்தம் ஒவ்வொரு காட்சிக்கும் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. முதலாளி செத்த சாயங்காலம் அது சட்டென்று நின்றது. யார் கொன்றது என்று தெரிந்த எனக்கே உடம்பு சில்லிட்டது.

மறுநாள் காலையில் சார் பால் பாக்கெட்டோடு கேட்டருகே நின்று அந்தப் பூட்ஸைப் புகழ்ந்துகொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“புக்குல அவரு செருப்பே போட்டிருக்க மாட்டாரு சார்.”

சார் பால் பாக்கெட்டை மற்றக் கைக்கு மாற்றினார். “புக்கா? நீ படிச்சிருக்கியா?”

“எல்லாம் வச்சிருக்கேன் சார். மீட்டர் ரூம்ல.”

“இதோட முடிவும் தெரியுமா?”

“தெரியும்லா சார்.”

கட்டடத்தில் காஸ் கசிகிறது என்று சொன்னால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி என்னைப் பார்த்தார்.

அதற்குள் விஷயம் லிப்டில் ஏறிவிட்டது. பிள்ளைகள் போனில் தேடிப் பார்த்திருக்கிறார்கள்; பழைய பாக்கெட் நாவலைப் பற்றி யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை, நடிகரின் போட்டோக்கள்தான் வந்தன. புத்தகத்தை வாங்கிப் படிக்கவும் அவர்களுக்குத் தமிழ் எழுத்து வராது. பெரியவர்களில் பாதிப் பேர் கடைப் பலகை படிக்கிற வேகத்தில்தான் படிப்பார்கள். ஆகவே அந்தக் கட்டடத்தில் கொலைகாரனைத் தெரிந்த ஒரே ஆள் கேட்டில் உட்கார்ந்திருந்தான். எல்லாரும் என் முகத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் மாடிக்காரர் காரில் போகும்போது நான் சலாம் வைக்க மறந்தேன். அவருடைய கார் டிரைவரைக் காட்டித்தான் அப்படிச் செய்தேன், டிரைவர்தான் கொலைகாரன் என்று கட்டடம் முடிவு செய்தது. மறுநாள் நான் அந்த டிரைவரோடு டீ குடித்ததும் அந்த முடிவு ரத்தானது. வேறொரு மாமி உளுந்து வடையை நீட்டி, “தம்பின்னா தலையை ஆட்டு, மருமகள்னா வடையை வாங்கிக்கோ” என்றார். எனக்குப் பசி. வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலம் இரண்டு வீடுகளில் மருமகள்கள் சமைக்கவில்லை.

அப்போதுதான் பொதுக்குழு கூடியது. சார் எழுதிய தீர்மானத்தை பாய் எனக்கு வாசித்துக் காட்டினார்: கதையின் முடிவைக் காவலாளி வாயாலோ, முகத்தாலோ, மௌனத்தாலோ வெளியிடக் கூடாது, மீறினால் வேலையும் மீட்டர் அறையும் போகும். நாவலை உறையில் போட்டு அரக்கு வைத்துச் சொசைட்டி அலமாரியில் பூட்டினார்கள்.

“மௌனத்தாலயும் கூடாதுன்னா நான் என்ன செய்ய பாய்?” என்றேன்.

பாய் சாரைப் பார்த்தார். சார் யோசித்தார். யார் எதைக் கேட்டாலும் நான் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லும்போது தரையைப் பார்க்க வேண்டும் என்று ஒரு திருத்தம் சேர்த்தார். பதிலையும் அவரே கொடுத்தார்: “மோட்டார் போட்டாச்சு.”

அதிலிருந்து மருமகளா என்றால் மோட்டார் போட்டாச்சு. தம்பியா என்றால் மோட்டார் போட்டாச்சு. ஒருநாள் உண்மையிலேயே மோட்டார் போட்டாச்சா என்று நாலாம் மாடியிலிருந்து கேட்டார்கள், போட்டாச்சு என்றேன், அவர்கள் நம்பவில்லை. வேறு ஒருநாள் மோட்டார் ரிப்பேர். அதைச் சொல்ல எனக்கு அனுமதிக்கப்பட்ட வாக்கியம் இல்லை. கட்டடம் முழுக்க வாளியோடு இறங்கி வந்த பிறகுதான் இன்னொரு திருத்தம் போட்டார்கள்.

கடைசிப் பகுதிக்கு இரண்டு சனிக்கிழமைகள் இருக்கும்போது சாருக்கு நெஞ்சு வலித்தது. செம்பூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பைபாஸ் உடனே செய்ய வேண்டும் என்றார்கள். மறுநாள் காலையில் மாமி பாய்க்குப் போன் செய்தார். பாய் கீழே ஓடிவந்து, “ஏலே, சட்டையை மாத்து. சார் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. உன்னைக் கூப்பிடுறாரு” என்றார்.

டாக்சியில் பாய் விவரம் சொன்னார். கொலைகாரன் யார் என்று தெரியாமல் ஆபரேஷன் தியேட்டருக்குள் போக முடியாது என்கிறாராம் சார். போய்த் திரும்பி வராவிட்டால், தெரியாமலே போய்விடுமாம். டாக்டர்கள் தள்ளிப்போட முடியாது என்கிறார்கள்; ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. “பைத்தியக்காரத்தனம்” என்றார் பாய். “ஆனா எனக்கும் ஒரு மாதிரி புரியத்தான் செய்யுது.”

எனக்கு வேறு ஒன்று புரிந்திருந்தது. அந்த நாவலில் மில் முதலாளியைக் கொன்றவர் டாக்டர். ஆபரேஷன் செய்து காப்பாற்றிய அதே டாக்டர். தையலைப் பார்க்கிறேன் என்று வந்து, சிரித்துப் பேசிக்கொண்டே ஊசி போட்டுவிட்டுப் போகிறார். மருந்து மெதுவாக வேலை செய்யும். அதற்குள் முதலாளி தானே எழுந்து கதவைத் தாழிட்டுக்கொள்கிறார். காப்பாற்றியவர் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அதில்தான் அந்த நாவலின் சாமர்த்தியமே இருந்தது. இரண்டாம் முறை படித்தபோது நான் கைதட்டியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரி லிப்ட் வாசலில் மாமி நின்றிருந்தார். ராத்திரி தூங்காத முகம். பாய் முன்னால் போனதும் என் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

“அவருக்குப் பயமாக்கும். கதை கதைன்னு சொல்றாரே தவிர, உள்ளே போனா வெளியே வருவேனாங்கற பயம். நீ யாரை வேணாலும் சொல்லிக்கோ. டாக்டர்னு மட்டும் சொல்லிடாதே, கேட்டயா? அப்படி இருக்காதுதான். இருந்தாலும் சொல்றேன்.”

நான் தரையைப் பார்த்தேன். “மோட்டார் போட்டாச்சு மாமி.”

மாமி என் சட்டையை விட்டார். “ஐயோ” என்றார், மிகவும் மெதுவாக.

உள்ளே சார் பச்சை அங்கியில் படுத்திருந்தார். நெஞ்சில் ஒயர்கள். ஆனால் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார், கையில் பேனா இருந்தது. என்னைப் பார்த்ததும், “இரு, வாயைத் திறக்காதே. தீர்மானம் அமல்ல இருக்கு. முதல்ல அதை நிறுத்தி வெக்கணும்” என்றார்.

அதற்குக் கமிட்டி கூட வேண்டும். கமிட்டியில் குறைந்தபட்சம் நாலு பேர் ஒரே இடத்தில் இருந்தால்தான் செல்லும். ஆஸ்பத்திரியிலோ ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். மாமியும் நானும் உள்ளே இருந்தோம். நாங்கள் இருவரும் கமிட்டி இல்லை. கீழே டாக்சிகளில் உறுப்பினர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மலையாளி நர்ஸ் கதவருகே கையை விரித்து நின்றார். “இது ஹார்ட் வார்டு. மீட்டிங் எல்லாம் வெளியே.”

“சிஸ்டர், ரெண்டே நிமிஷம். நாலு பேர் சேர்ந்து மூச்சு விட்டாப் போதும், செல்லுபடியாயிரும்” என்றார் பாய்.

கடைசியில் வார்டு கதவை முழுக்கத் திறந்துவைத்தார்கள். பாயும் இன்னும் மூன்று பேரும் வாசற்படிக்கு வெளியே, காலை உள்ளே வைக்காமல், தலையை மட்டும் நீட்டி நின்றார்கள். தலைகள் உள்ளே இருப்பதால் ஒரே இடம்தான் என்று சார் தீர்ப்புச் சொன்னார். முன்மொழிந்தவர் பாய். வழிமொழிந்தவர் முதல் மாடிக்காரர். தீர்மானம் அரைமணி நேரத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது. தலைகள் வெளியே போயின. கதவைச் சாத்தினார்கள்.

“சொல்லு” என்றார் சார்.

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிவிட்டு ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் உள்ளே வந்தார். சின்ன வயசு, சிரித்த முகம். செம்பூரில் வளர்ந்த தமிழ்ப் பையன். “என்ன அங்கிள், கையெழுத்துப் போட்டாச்சா? சின்னதா ஒரு இன்ஜெக்ஷன் இருக்கு, அதைக் குடுத்துட்டா...”

சார் கட்டிலில் பின்னால் நகர்ந்தார். ஒரு விரற்கடைதான். ஆனால் நான் பார்த்தேன், மாமியும் பார்த்தார்.

“டிரைவர்” என்றேன்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மாமி, “அஞ்சு நிமிஷம் டாக்டர், வீட்டு விஷயம்” என்றார். அவர் தோளைக் குலுக்கிவிட்டு வெளியே போனார்.

“டிரைவரா?” சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். ஆடிட் ஆரம்பமாகிவிட்டது. “அவன் அன்னிக்குப் பொள்ளாச்சிக்குப் போயிருந்தானோல்லியோ? நெல் லோடு எடுக்க. மூணாவது எபிசோடுல ரசீது காட்டினானே?”

“ரசீது வேற டிரைவரோடது சார். இவன் பாதி வழியில லாரியை இன்னொருத்தன்கிட்டே குடுத்துட்டு பஸ்ல திரும்பிட்டான்.”

“எந்த பஸ்?”

எனக்கு அந்தப் பக்கத்து பஸ் எதுவும் தெரியாது. “டவுன் பஸ் சார். கூட்டம். யாரும் பார்க்கல.”

“உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததே?”

“அது முதலாளியே போட்டதுதான் சார். விஷம் அப்புறமா வேலை செஞ்சிருக்கு.” புத்தகத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான்.

“விஷத்தை எதுல குடுத்தான்?”

கட்டில் பக்கத்து மேஜையில் மாமி வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்க் இருந்தது. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. “காப்பி பிளாஸ்க்ல சார்.”

சார் பிளாஸ்க்கைப் பார்த்தார். “அதை அந்தப் பக்கம் வை” என்றார் மாமியிடம். “நான்னா போட்டுக் கொண்டுவந்தேன்” என்றார் மாமி. “வை” என்றார் சார்.

சார் அதோடு விடவில்லை. “செரி. காரணம்? ஒரு டிரைவர் எதுக்காக முதலாளியைக் கொல்லணும்? சும்மா கொல்ல மாட்டான். உன் கதை ஓட்டையாக்கும்.”

நான் மறுபடியும் பிளாஸ்க்கைப் பார்த்தேன். சார் பேனாவின் மூடியைப் போட்டார். கையெழுத்து கைநழுவிப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அப்போது மாமி பேசினார்.

“அவன் தங்கை மில்லுல வேலை பார்த்தாளோல்லியோ? பெல்ட்டுல கை மாட்டிண்டு விரல் போச்சு. அந்த முதலாளி ஆஸ்பத்திரிக்குக்கூட அனுப்பலை. ரெண்டாவது எபிசோடுல ஒரு பொண்ணு முந்தானையால கையை மூடிண்டே நின்னாளே, நீங்கதான் கவனிக்கலை.”

அப்படி ஒரு பெண் உண்மையிலேயே நின்றாள். கூட்டத்தில் யாரோ. அவள் கையை ஏன் மூடியிருந்தாள் என்று டிவிக்காரர்களுக்கே தெரிந்திருக்காது. சார் கண்ணை மூடி அந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்ததே, அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதற்கு முன் அவரிடம் பார்த்ததில்லை.

“பேஷ்! நானும் அவளைப் பார்த்தேனே. அப்பவே நினைச்சேன்.” பேனாவைத் திறந்தார். “எங்கே போடணும்?”

மாமி தாளை நீட்டினார். அந்த இடத்தைக் காட்டியது நான்தான்.

ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு போனபோது மாமி பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து எனக்கு மூடியில் காப்பி ஊற்றிக் கொடுத்தார். “புக்குல காரணம் என்ன?” என்று கேட்டார்.

“டாக்டருக்கு மில்லு மேல ஆசை மாமி.”

“நம்ம காரணம் தேவலை” என்றார். பாய் கீழே தொழுதுவிட்டு வந்தார். ஆபரேஷன் சாயங்காலம் வரை போயிற்று.

நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளியும்போது சார் பேசிய முதல் வார்த்தை “டிரைவர்.” திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நர்ஸ் புரிந்துகொண்டு, கீழேயிருந்து ஓர் ஆம்புலன்ஸ் டிரைவரைக் கூட்டிக்கொண்டுவந்து கட்டிலருகே நிறுத்தினார். மராத்திக்காரர். தொப்பியைக் கழற்றிவிட்டு, “போலா, காக்கா” என்றார் பணிவாக, சொல்லுங்கள் பெரியவரே என்று அர்த்தம். சார் அவரை அரைக்கண்ணால் பார்த்து, “ஒப்புத்துக்கோ” என்றார். அந்த மனிதர் தமிழ் தெரியாததால் தலையை ஆட்டினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே மாமி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். சிரிக்கவும் செய்தார்.

பாயும் அங்கே இருந்தார். ஆகவே சார் வீடு திரும்புமுன், கொலைகாரன் டிரைவர்தான் என்ற சேதி மாட்டுங்காவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. தீர்மானத்தை எழுதியவரே மீறிவிட்டார் என்று ஒரு கட்சி. மயக்கத்தில் சொன்னது செல்லாது, அவர் அப்போது செயலாளராக இல்லை, நோயாளியாக இருந்தார் என்று இன்னொரு கட்சி. என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. வடையும் நின்றுபோனது. மூன்றாம் மாடிக்காரரின் டிரைவர்தான் பாவம். பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று முறைத்தார்கள்.

கடைசிப் பகுதி சார் வீட்டு ஹாலில் ஓடியது. சார் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தார். கட்டடம் பாதி உள்ளே இருந்தது. அன்று என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். நான் கதவருகே நின்றுகொண்டேன், வெளியேற வசதியாக. எல்லாரும் ரொம்ப நிம்மதியாக மிக்சர் தின்றுகொண்டிருந்தார்கள். திரையில் டிரைவர் வரும்போதெல்லாம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். துப்பறிவாளர் பூட்ஸ் சத்தத்தோடு நடந்து ஆஸ்பத்திரிக்குள் போனார். டிரைவரைத் தாண்டிப் போனார். டாக்டரின் மேஜைக்கு முன்னால் நின்றார்.

ஹாலில் மிக்சர் சத்தம் நின்றது. நாலாம் மாடி மாமி ஒருவர் “அடப்பாவி!” என்று கத்தினார். பிள்ளைகள் குதித்தார்கள். எல்லாம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்த பிறகுதான், வரிசையாகத் தலைகள் என் பக்கம் திரும்பின. சாரின் தலை கடைசியாகத் திரும்பியது. அவர் கை நெஞ்சில், தையலுக்கு மேல் இருந்தது.

“நீ டிரைவர்னு சொன்னே.”

“ஆமா சார்.”

“டாக்டர்னு தெரிஞ்சுண்டே சொன்னே.”

“நான் சொல்லச் சொன்னேன்” என்றார் மாமி. “மீதியை நானும் சேர்ந்துதான் சொன்னேன். தங்கை, பெல்ட்டு, விரல், எல்லாம்.”

சார் மாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அன்று ஊசியோடு வந்த பையனின் முகம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்; பொத்தென்று தலையணையில் சாய்ந்தார். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஆனால் அவர் உடம்பு குலுங்கியது சிரிப்பில். தையல் வலிக்க, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கான்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பாய் தொண்டையைச் செருமினார். “அப்போ தீர்மானம்? இவன் முடிவைச் சொன்னானா, சொல்லலியா?”

அதை அங்கேயே விவாதித்தார்கள். நான் ஒரு முடிவைச் சொன்னேன். ஆனால் அந்த முடிவைச் சொல்லவில்லை. கட்டடத்தில் ஒருவருக்கும் டாக்டர்மேல் சந்தேகமே வராதபடி பார்த்துக்கொண்டேன். ஆகவே தீர்மானத்தை யாராவது முழுசாகக் காப்பாற்றினார்கள் என்றால் அது நான்தான் என்று முதல் மாடிக்காரர் வாதாடினார். எதிர்ப்பு யாரும் இல்லை. மீட்டர் அறை எனக்கே இருந்தது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் சாரை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டப் போக வேண்டும். சார் தனியாகப் போக மாட்டேன் என்றார். மாமி போதாதாம், நானும் உள்ளே வந்து நிற்க வேண்டுமாம். கேட்டில் பாயை உட்காரவைத்துவிட்டுப் போனேன்.

டாக்டர் சட்டையை விலக்கித் தையலைப் பார்த்தார். சார் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவர் யாரு அங்கிள்?” என்றார் டாக்டர், என்னைக் காட்டி.

“எங்க வாட்ச்மேன்.”

“ஓ, அன்னிக்கு டிரைவர்னு சொன்னவரா? அந்த சீரியல்தானே?” டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டியவர் மறுபடி எடுத்தார். “நானும் அம்மாவும் ஒண்ணு விடாமப் பார்த்தோம். கடைசி எபிசோடு அன்னிக்கு ஒரு எமர்ஜென்சி. அம்மா நான் வர்ற வரைக்கும் பார்க்காம வெச்சிருக்காங்க, இன்னும் நேரம் கிடைக்கல. அப்போ டிரைவர்தானா? சொல்லிடுங்க, பரவால்ல, என்னால தாங்க முடியல.”

ஸ்டெதாஸ்கோப்பின் வட்டம் சாரின் நெஞ்சில், தையலுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் தரையைப் பார்த்தேன். மாமி ஜன்னலைப் பார்த்தார்.

“டிரைவர்தான்” என்றார் சார், கொஞ்சமும் தயங்காமல். “தங்கைக்கு மில்லுல விரல் போச்சு. அதுக்காக.”

“நினைச்சேன்!” என்றார் டாக்டர். மிகவும் சந்தோஷமாகச் சாரின் இதயத்தைக் கேட்டார். அருமையாக ஓடுகிறது என்றார். உப்பைக் குறைக்கச் சொன்னார், படியேற வேண்டாம் என்றார். போட இருந்த ஊசியையும் போட்டார். சார் கையை நீட்டிக் கொடுத்தார்.

வெளியே வந்து டாக்சிக்குக் காத்து நின்றபோது மாமிக்குப் பொறுக்கவில்லை. “வீட்டுக்குப் போய்ப் பார்த்தா அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சுடாதா? எதுக்கு இப்படி ஒரு பொய்?”

“தெரியறச்சே தெரியட்டும்” என்றார் சார். “இன்னும் எத்தனை தடவை இவன் கையில ஊசி போட்டுக்கணுமோ. கதையில டாக்டர் மாட்டிண்டாச்சுங்கறது அவனுக்கு என் மூலமாத் தெரிய வேண்டாம்.”

டாக்சி வந்து நின்றது. சார் குனிந்து டிரைவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முன் சீட்டில் என்னை உட்காரச் சொல்லி, தான் பின்னால் ஏறிக்கொண்டார்.